நாற்பது நிமிடத் தூரம்

இரண்டாம் உலக யுத்த காலத்தில், மட்டக்களப்பு வாவியோரத்து விமானத் திடலில் யாக்கோப்புக்கு ஒரே வேலைதான். திருகோணமலையில் விமானம் புறப்பட்டதாக டெலிபோன் வந்தால் அந்த நேரத்தை எழுதவேண்டும். இங்கே இறங்கியதும் இன்னொரு நேரம். நடுவில் எழுபது மைல், நாற்பது நிமிடம். இந்த ஒழுங்கைக் கடவுளே மாற்றினாலும் திடலின் வெள்ளைக்காரத் துரை பதிவேட்டில் கையெழுத்திடமாட்டார்.

அன்று டெலிபோன் வருமுன்பே விமானம் இறங்கிவிட்டது. அதில் மெக்கானிக்காக வரும் தம்பி றோய், உள்ளே வந்து அண்ணனின் சோற்றுப் பொதியை அவிழ்த்துச் சாப்பிடத் தொடங்கினான்.

பிறகுதான் டெலிபோன் அடித்தது.

"அண்ணன், நான் றோய். எஞ்சின் சத்தம் சரியில்ல. ஏறட்டா, நிக்கட்டா?"

யாக்கோப்பு திரும்பிப் பார்த்தான். தம்பி மீனில் முள்ளெடுத்துக்கொண்டிருந்தான். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. நில் என்று சொன்னால் இவன் என்ன ஆவான் என்று யோசித்தான்.

"ஏறு" என்றான். பத்து மணி பத்து நிமிடம் என்று எழுதினான்.

"ஆரு அது?" என்று கேட்டான் றோய்.

"நீதான். இப்பதான் வெளிக்கிடுறாய்."

றோய் தலையாட்டிவிட்டு அடுத்த முள்ளை எடுத்தான்.

பதினொரு மணியாகியும் வடக்கே சத்தமில்லை. இருவரும் வாசலில் நின்று வானத்தையே பார்த்தார்கள்.

"பிந்தினாலும் வருவான். பசியோடதான் வருவான், பாவம்" என்றான் றோய். உள்ளே போய், மிச்சச் சோற்றை மூடி வைத்தான்.