கண்ணில்லாத மைனா

நான்கு மைனாக்களை வரைந்து, அதே சித்திரம் துணி நெடுகத் திரும்பத் திரும்ப வரும்படி அச்சுக்குக் கொடுத்திருந்தாள் பெனிட்டா. நான்கில் ஒன்றுக்குக் கண் வைக்க மறந்தது, துணி அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது. திரும்பிய பக்கமெல்லாம் கண்ணில்லாத மைனா. மதியம் அந்தத் துணியை வைத்துத்தான் வடிவமைப்புத் தேர்வு.

“அழுதது போதும், ஊசிய எடு” என்றாள் தோழி சுகிர்தா. வகுப்பே துணியைச் சுற்றி உட்கார்ந்து, மஞ்சள் நூலால் அவரவர் கைக்கு வந்தபடி கண் தைத்தது. ஒரு மைனா முறைத்தது. ஒன்று தூங்கி வழிந்தது. இன்னொன்று பக்கத்து மைனாவை ஓரக்கண்ணால் பார்த்தது. அச்சில் வந்த கண்கள்தான் எதையும் பார்க்காமல் வெறுமனே திறந்திருந்தன.

தேர்வாளர் வந்தபோது ஓரத்தில் ஒரு மைனா மிச்சமிருந்தது. ஒவ்வொரு கண்ணாகத் தடவிக்கொண்டே வந்தவரின் விரல் அங்கே நின்றது.

“இதுக்கு ஏம்மா கண்ணில்ல?”

“மறந்துட்டேன் மேடம். நூல்ல தைச்ச எல்லாத்துக்குமே மறந்துட்டேன்.” என்றாள் பெனிட்டா.

அவர் மதிப்பெண் தாளைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினார்.

“ஊசியக் குடு.”

அந்த மைனா எதைப் பார்க்கப்போகிறதென்று வகுப்பே எட்டிப் பார்த்தது.