பெரியவரின் நாற்காலி

"இந்தக் கையோட இன்னிக்கு ஆடித்தான் ஆகணுமா, பெரியவரே?" மணிக்கட்டில் பட்டையை இறுக்கிச் சுற்றிக்கொண்டே கேட்டாள் பிசியோ. "நான் சொல்றதை எப்பதான் கேட்டிருக்கீங்க? தேய்ஞ்சு போச்சு இந்த மணிக்கட்டு."

"விரல் மட்டும் வெளியில இருந்தாப் போதும். சுத்துங்க" என்றார் பெரியவர்.

அணி தங்கியிருந்த அந்த வீட்டில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதிலிருந்து கோச்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். கோட்டை கட்டி, படை திரட்டி, எதிராளியின் கோட்டையை இடிக்கும் கணினி விளையாட்டு அது. பெரியவரின் பொறுமையை உடைக்க ஆளே கிடையாது என்று ஒரு காலத்தில் பேச்சு. கூடத்து அலமாரியில் இருந்த கோப்பைகளில் பாதி அவர் கொண்டுவந்தவை.

இந்த வருடம் ஒன்றுகூட வரவில்லை. போன இடத்திலெல்லாம் முகம் தெரியாத புதியவர்களிடம் தோற்றுவிட்டு வந்தார். அவர் சம்பளத்தை நம்பித்தான் குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அந்தப் புதியவர்களில் ஒருவன் வீட்டுக்கே வந்துவிட்டான். பொடியன். இணையத்தில் பெரிய தலைகளையெல்லாம் ஊதித் தள்ளியவன் என்று கோச்சே வரவழைத்திருந்தார்.

அந்த வீட்டு வழக்கம் ரொம்ப எளிமையானது. புதிதாக வருபவன் யாருடைய நாற்காலியைக் கேட்கிறானோ, அவரோடு ஒரே ஒரு ஆட்டம் ஆட வேண்டும். ஜெயித்தால் நாற்காலி அவனுக்கு. தோற்றவர் அன்றே பெட்டி கட்ட வேண்டும். பொடியன் யோசிக்கவே இல்லை, பெரியவரின் நாற்காலியைக் கேட்டுவிட்டான்.

"அங்கிள், கை ரெடியா? இல்ல, ஒத்தடம் கொடுத்துட்டு வரீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். "வாய் இந்த ஓட்டம் ஓடுதே, விரலும் ஓடுதான்னு பாப்போம், வா."

இருவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். ஆட்டம் தொடங்கியது.

பெரியவர் தன் பாணியில் ஆரம்பித்தார். முதலில் சுரங்கம், அடுத்து மதில், படையெல்லாம் அதற்குப் பிறகுதான். நடுவில் ஒரு சிப்பாயை வேவு பார்க்க அனுப்பினார். பொடியனின் இடத்தில் மதில் இல்லை. சுரங்கம் இல்லை. கல் உடைக்கிற ஆட்கள்கூட இல்லை.

"அடப்பாவி! கொத்தனாரையெல்லாம் சண்டைக்கு அனுப்பிட்டான்டா!" என்று பின்னாலிருந்து ஒருவன் வாயைப் பிளந்தான்.

சுத்தப் பைத்தியக்காரத்தனம். கோட்டை வாசலை அடைத்துவிட்டால் போதும், அந்தக் கூட்டம் வெளியே நின்று முட்டிக்கொண்டு சாகும். அத்தோடு பொடியன் காலி. பெரியவருக்கு அது பார்த்த உடனே புரிந்துவிட்டது. மவுஸை வாசலுக்குக் கொண்டுபோனார். அழுத்தச் சொன்னால் விரல் அழுத்தவில்லை. முழங்கைவரை ஒரு சுளீர். அதற்குள் கூட்டம் உள்ளே வந்துவிட்டது.

பிறகு நடந்ததைப் பார்க்கச் சகிக்காமல் இரண்டு பேர் சமையலறைப் பக்கம் போய்விட்டார்கள்.

தோற்றவர்தான் 'நல்ல ஆட்டம்' என்று கீபோர்டில் தட்டிவிட்டு வெளியேற வேண்டும். பெரியவர் அதை இடது கையால் தட்டினார்.

"வாசலை அடைக்கணும்னு பாத்துட்டேன் சார். கை போகல" என்றார் கோச்சிடம்.

"தெரியும்." கோச் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க அப்பா கீழ வண்டியோட நிக்கிறாரு. காலையிலயே போன் பண்ணிட்டேன்."

"ஆட்டத்துக்கு முன்னாடியேவா?"

கோச் போய் அலமாரிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பெரியவர் துணிகளை மடிக்காமலே பெட்டியில் திணித்தார். திரும்பி வந்தபோது நாற்காலியின் முதுகில் ஒட்டியிருந்த அவர் பெயரை யாரோ ஏற்கெனவே கிழித்திருந்தார்கள். பொடியன் ஏறி உட்கார்ந்து எதையோ திருகிக்கொண்டிருந்தான்.

"அங்கிள், இதை எப்படி இறக்குறது? எனக்குக் கால் எட்டல."

"வலது பக்கம் ஒரு கம்பி இருக்கும் பாரு. அழுத்திட்டு உக்காரு." பெரியவர் குனிந்து காட்டிக்கொடுத்தார். "மணிக்கட்டை மேசை விளிம்புல வைக்காத. வலிச்சா உடனே சொல்லு, மறைக்காத."

"எனக்கெல்லாம் வலிக்காது அங்கிள்" என்றான் பொடியன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கீழே அப்பா பெட்டியை வாங்கிப் பின் இருக்கையில் வைத்தார். வண்டி கடைவீதியைத் தாண்டிச் சிக்னலில் நின்றதும் அப்பா தொண்டையைச் செருமினார்.

"போனாப் போகுது, விடுடா. ரிட்டயர் ஆனவங்கள்லாம் வேற வேலைக்குப் போகலையா? குடோன்ல ஆள் கேட்டாங்க, நாளைக்கே சொல்லி வைக்கிறேன். சும்மா உக்காந்தா நம்ம வீட்டுல அடுப்பு எரியுமா, சொல்லு?"

மகன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"யாருப்பா வேலை தருவாங்க? எனக்கு இன்னும் பதினெட்டே ஆகலையே."