பித்தளைப் பலகைக்குப் பின்னால் ஒரு பொந்து

நகரத்தின் பழைய அரண்மனைக்கு ஒரு வெளிநாட்டுத் தூதரகம் குடிவந்தது. வாசல் சுவரில் பெரிய பித்தளைப் பலகை மாட்டினார்கள். பலகைக்குப் பின்னால் இருந்த பொந்தில் ஒரு பல்லி வெகுநாளாக வசித்தது. விசா வரிசையைப் பார்த்துப் பார்த்து அதற்கும் அதிகாரி தோரணை வந்துவிட்டது.

ஒரு காலையில் ஓர் அணில் வந்து, வாயில் கவ்வியிருந்த குட்டியை இறக்கிவைத்தது.

"ஐயா, உள்ளே கொஞ்சம் இடம் தருவீங்களா?"

"வந்த நோக்கம்?" என்றது பல்லி.

"எங்க மரத்துக்குப் பூனை வந்திருக்கு. பயமா இருக்குய்யா."

"பயந்து வர்றவங்க திரும்பிப் போக மாட்டாங்க. சுற்றிப் பார்க்க வர்றவங்களுக்குத்தான் அனுமதி."

அணில் வாலை நிமிர்த்திக்கொண்டது. "அப்போ, சுற்றிப் பார்க்கத்தான் வந்தோம்."

"எதைப் பார்க்க?"

"பூனை இல்லாத இடத்தை!" என்றது குட்டி.

"அனுமதி இல்லை. அடுத்தது யார்?" என்று பல்லி முகத்தைத் திருப்பியது.

அடுத்தது பூனைதான். மோப்பம் பிடித்து வந்து, சுவரில் பாய்ந்து பல்லியின் வாலை அமுக்கியது. வாலை விட்டுவிட்டுப் பல்லி பொந்துக்குள் ஓடியது. துள்ளுகிற வாலைப் பூனை வேடிக்கை பார்த்த நேரத்தில், குட்டியைக் கவ்விக்கொண்டு அணிலும் உள்ளே புகுந்தது.

இருட்டில் மூன்று நெஞ்சும் படபடவென்று அடித்தன. கொஞ்சம் மூச்சு வந்ததும் குட்டி கேட்டது.

"அங்கிள், நீங்களும் சுற்றிப் பார்க்கத்தான் வந்தீங்களா?"

"ஆமா கண்ணு," என்றது பல்லி. "இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காரு."