ஓடைப் பக்க வேலி

வெட்டுப்பட்ட செடித் தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் ஜிலியன். உரிம அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் ஆய்வாளர்.

கங்காரு கடித்திருக்கும் என்றேன்.

"கங்காரு கையில கத்தரிக்கோல் எப்ப வந்துச்சு, மார்னி?"

சிரித்து வைத்தேன். யார் வெட்டியது என்று எனக்கும் தெரியாது. தெரியாது என்று வாயால் சொன்னால் அது திருட்டு.

நான் பயிரிடுவது ஹெம்ப். எண்ணெய்க்கு விதை, துணிக்கு நார். பார்வைக்கும் வாசனைக்கும் அசல் கஞ்சாதான், போதை மட்டும் கிடையாது. ஆனால் ஊரில் பாதிப் பேர் அதை நம்புவதில்லை. மதுக்கடையில் எனக்குக் கஞ்சா ராணி என்று பட்டமே உண்டு.

டாஸ்மேனியாவில் உருளைக்கிழங்கு போடுகிறவனுக்கு இல்லாத சட்டமெல்லாம் எனக்கு உண்டு. ஒரு இலை வேலி தாண்டக் கூடாது. திருடு போனால் உடனே அலுவலகத்துக்கும் போலீசுக்கும் சொல்லியாக வேண்டும். போன வருடம் பள்ளிக்கூடப் பையன்கள் நாலு செடியைப் பிடுங்கிக்கொண்டு போனதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட்டேன். எச்சரிக்கை வந்தது. இன்னொன்று வந்தால் உரிமம் சந்தேகம்தான். கிழங்கை ஒழித்துவிட்டு இதை நம்பி இறங்கியவள் நான். உரிமம் போனால் நிலமும் போகும்.

ஜிலியன் காகிதப் பைகளை எடுத்துக்கொண்டு வயலின் மறுகோடிக்கு மாதிரி எடுக்கப் போனாள். திரும்பி வரும்போது பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்தேன், மூடினேன். கையைத் துடைத்தேன். அப்போதுதான் ஓடைப் பக்கம் அந்தத் தொப்பி கண்ணில் பட்டது.

செடிகளுக்கு மேலே, வெளிறிப்போன மஞ்சள் தொப்பி. அதற்கு இந்த வட்டாரத்தில் ஒரே சொந்தக்காரி, அடுத்த பண்ணை வெல்மா. தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவள்.

ஓடாத குறையாகப் போனேன். ஜிலியன் தலையைத் திருப்பினால் போதும், என் பிழைப்பு முடிந்தது.

தளர்ந்த கம்பிகளுக்கிடையே வெல்மா அந்தப் பக்கம் நுழைந்துகொண்டிருந்தாள். கையில் ரோஜா வெட்டும் கத்தரி. தோளில் துணிப்பை, அது நிறைய என் இலைகள். அப்பால் பிக்கப் வண்டியில் அவள் கணவர் கீத், ஓய்வு பெற்ற போலீஸ் சார்ஜென்ட். எலும்பில் புற்றுநோய். வெல்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எங்கே போவதானாலும் இன்னமும் அவர்தான் ஓட்டுகிறார்.

கோபத்தோடு வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"கேக்காம எடுத்தது தப்புதான் கண்ணு. கேட்டா உனக்குத்தான வம்பு? மாத்திரை எதுவும் அவருக்குக் கேக்கல. இதைப் பால்ல காய்ச்சிக் குடுக்கறேன், ராத்திரி பூரா அசையாமத் தூங்கறார். ஆயுசுக்கும் கஞ்சாவைப் புடிச்சு எரிச்ச மனுஷன், எனக்காகக் குடிக்கறார்."

முகம் பளிச்சென்று இருந்தது. அவருக்கு நோய் வந்ததிலிருந்து அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

இதில் ஒன்றுமே இல்லை வெல்மா, வைக்கோலைக் காய்ச்சிக் கொடுத்தாலும் இதேதான். சொல்லிவிடலாம். சொன்னால் நாளை முதல் வரமாட்டாள், என் உரிமம் பிழைத்துக்கொள்ளும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

கீத் ஹாரனைத் தட்டினார். பையைப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் வைக்கும்படி அவளிடம் சொன்னார். அவள் நகர்ந்ததும் என்னைக் கிட்டே வரச் சொல்லித் தலையசைத்தார்.

கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. தூங்குகிற ஆளின் முகம் இல்லை அது.

"உன் வாசல்ல இருக்கற பலகையை அடிச்சது யாரு, மார்னி?"

அவர்தான். நான் உரிமம் வாங்கிய முதல் வருடம், போலீஸ் தரப்பில் வயலைப் பார்க்க வந்தவர் அவர். ஒரு இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, மூட்டை மூட்டையாகப் புகைத்தாலும் தலைவலிதான் மிச்சம் என்று சிரித்தார். இது ஹெம்ப், இதில் போதையும் இல்லை மருந்தும் இல்லை என்று சட்டப்படி வைக்க வேண்டிய பலகையைத் தன் கையாலேயே ஆணியடித்துவிட்டுப் போனார். என் வாசல் இருப்பது மலைச் சாலையில். வெல்மாவுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் கிடையாது.

"அதான் அவளை இந்தப் பக்கமாவே கூட்டிட்டு வர்றேன்," என்றார். "ராத்திரி அசையாமப் படுத்துக் கெடக்கறது ஒண்ணும் பெரிய கஷ்டம் இல்ல."

வெல்மா ஏறிக்கொண்டு எனக்குக் கையசைத்தாள். வண்டி ஓடையோரமாக மெல்லப் போனது.

ஜிலியன் திரும்பி வந்து அதே கேள்வியைக் கேட்டாள்.

நான்தான் வெட்டினேன், என் ஆடுகளுக்குப் போட்டேன் என்றேன்.

அதுவும் குற்றம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது எச்சரிக்கை. உரிமத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று மேலிடம்தான் சொல்லுமாம். அதற்குள் நாலு பக்க வேலியிலும் பலகை வைத்தாக வேண்டும், பெரிய எழுத்தில்.

மூன்று பக்கம் போதும் என்றேன். ஓடைப் பக்கம் யாரும் வருவதில்லை.