உதட்டைப் பிதுக்கிய வியாபாரி

மதியச் சோற்றோடு ரஹீமா புதிதாக ஆறு கட்லெட் வைக்கிறாள். பத்திரிகையில் கத்தரித்த செய்முறைத் தாள் அவள் இடுப்பில் எண்ணெய்ப் பளபளப்போடு எட்டிப் பார்க்கிறது. பாகூரில் நெல் வாங்கி விற்கும் அவள் புருஷன் பக்கீர் முகமது, மாதிரி நெல்லைக் கடிப்பதுபோல ஒன்றின் ஓரத்தைக் கடித்து உதட்டைப் பிதுக்குகிறார். எந்தச் சரக்கையும் முதலில் மட்டம் தட்டியே பழகிய வாய். "இன்னாடி இது, வரட்டியாட்டம்?" அவள் பேரம் பேசவில்லை; கட்லெட் தட்டை எடுத்துக்கொண்டு போகிறாள். "உடுங்க. நாளைலேர்ந்து பழையபடி மீன்கொழம்பே வெக்கிறேன்." கடித்த துண்டு இப்போதுதான் நாக்கில் கரைகிறது, அத்தனை ருசி. விலை படியாமல் நெல்காரன் எழுந்து போனால் திரும்பக் கூப்பிடத் தெரியும். இவளை எப்படிக் கூப்பிடுவது? காது சுட, தலை குனிந்து வெறுஞ்சோற்றைப் பிசைகிறார். அடுக்களைச் சுவரில், அந்தச் செய்முறைத் தாள் எரியும் வெளிச்சம் எழுந்து அடங்குகிறது.