இதுக்கா விருது?

டிவியில் சிறந்த படத்தின் பெயரைச் சொன்னதும் சோலைமலை ரிமோட்டை வீசினார்.

“இதுக்கா விருது? மூணு மணி நேரமும் ஸ்லோமோஷன்ல நடக்குறான், கதையக் காணோம்! அந்த சுடுகாட்டுக் காவல்காரி படத்துக்குல்ல குடுக்கணும்!”

“தியேட்டர்ல தேம்பித் தேம்பி அழுதீகளே, அதுவா?” என்றாள் மனைவி நாகஜோதி.

“அதேதான். எடுத்தவன் வயிறு எரியாதா?”

“இத வெளிய போயிச் சொல்ல வேண்டியதுதான?”

அவர் குனிந்து ரிமோட்டைப் பொறுக்கினார்.

வாசலில் பைக்கை நிறுத்தினான் ஈஸ்வரன்.

“அண்ணே, விருது வாங்குன படத்துல நடிச்ச நம்ம ஹீரோ கட்-அவுட்டுக்குப் பால் வந்துருச்சு! ரசிகர் மன்றத் தலைவர் நீங்கதான் ஊத்தணும்னு அம்புட்டுப் பேரும் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாங்க!”

“வாரேன்.”

சோலைமலை ஹீரோ படம் போட்ட சட்டையை மாட்டினார்.

பஸ் ஸ்டாண்டில் பால் குடத்தைக் கவிழ்த்தபடி, எல்லாரையும்விட உரக்கக் கத்தினார்:

“இந்த ஒரு விருது பத்தாது!”