மேற்கு வாசல் கற்குவியல்

கோட்டையின் மேற்கு வாசலில் ஒரு கற்குவியல் இருக்கிறது. எதிரிப் படைக்குக் கதவைத் திறந்துவிட்ட காவல்காரனை வெட்டிப் புதைத்த இடம். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கல்லை அதன்மேல் எறிந்துவிட்டுப் போவது வழக்கம். வழிகாட்டி செண்பகவல்லி பதினோரு வருடமாக எல்லோர் கையிலும் கல்லை எடுத்துக் கொடுக்கிறாள். இன்று வந்த கல்லூரிக் கூட்டத்தில் அவள் மகள் இன்பாவும் நின்றாள். செண்பகவல்லி கதை முழுவதையும் சொன்னாள். பெயரை மட்டும் விட்டுவிட்டாள்.

“அந்தத் துரோகி பேரு என்னக்கா? பேரு தெரியாம எப்படித் திட்டுறது?” என்றான் ஒருவன்.

“மாசானமுத்து,” என்றாள் தரையைப் பார்த்தபடி.

கூச்சலோடு கற்கள் பறந்தன. இன்பாவின் கை மட்டும் எழவில்லை. பங்குனிதோறும் காட்டுக்குள் போய், அவர்கள் குடும்பம் மட்டும் கிடா வெட்டிக் கும்பிடுகிற சாமியின் பெயர் அது. அவளுக்கு முதல் மொட்டை போட்டதும் அங்கேதான்.

செண்பகவல்லி அருகில் வந்து, “எறிஞ்சிரு. எல்லாரும் பாக்குறாங்க,” என்று முணுமுணுத்தாள்.

இன்பா தன் கையிலிருந்த கல்லை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

“நீ மொதல்ல எறிம்மா,” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.